கத்தி வளவோடு இருக்கட்டும்

யாழ்ப்பாணத்துச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது, முரட்டு மயிர்தான். அதைக் கத்தரித்துப் பிழைக்கிற தொழிலும் இங்கே இல்லை. அதனால் ஆட்டு மயிர் கத்தரிப்பவர்களைப் பதிவு செய்யவேண்டும், அவர்களின் கருவிக்கும் உடுப்புக்கும் விதி வேண்டும் என்ற பேச்சு எழுந்தால், அது கம்பளி நாடுகளின் கவலை என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் அந்தத் தொழிலில் நோய்க்கு உதவுவது மயிர் அல்ல. ஒரு பட்டியிலிருந்து அடுத்த பட்டிக்குப் போகிற ஆள், அவரோடு போகிற இரும்பு, அந்த இரும்பு தோலில் போடுகிற சின்னக் கீறல், இவ்வளவும்தான். மூன்றும் நம்மிடம் தாராளமாக இருக்கின்றன.

நம்முடைய ஒழுங்கைகளில் யார் யார் அப்படிப் போகிறார்கள் என்று பாருங்கள். கிடாய்க்கு நலம் அடிக்க, அதாவது காயடிக்க, வருபவர். குளம்பு சீவுபவர். ஜமுனாபாரி ஆட்டின் பின்தொடையில் தொங்குகிற நீள மயிர் மாரியில் சாணியும் மூத்திரமும் பட்டுச் சடைபிடிக்கும்போது அதை வெட்டிவிடுபவர். காதுப்பட்டி குத்துபவர். கட்டியைக் கீறிச் சீழ் எடுப்பவர். பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசும் தரகர். தீபாவளிக்குப் பங்கு போட வளவுக்கே வந்து உரித்துத் தருபவர். பல ஊர்களில் இதில் மூன்று நான்கு வேலையை ஒரே ஆள்தான் செய்வார். காலையில் சைக்கிளில் வெளிக்கிட்டால் மதியத்துக்குள் ஐந்தாறு படலை திறந்து மூடுவார். அவரிடம் இருப்பது ஒரு பை, ஒரு கத்தி, ஒரு கயிறு.

கம்பளி நாடுகள் கத்தரிப்பவரைக் கவனிக்கத் தொடங்கியதற்குப் பெரிய காரணம் ஒரு கட்டி நோய். கொரினிபாக்டீரியம் வகைக் கிருமியொன்றால் வருவது. வெள்ளாட்டில் தாடைக்குக் கீழே, காதடியில், தோளுக்கு முன்னால், பின்தொடை மடிப்புக்கு மேலே நிணநீர்க் கணுக்கள் வீங்கிக் கட்டியாகும். உள்ளே வெண்பச்சை நிறத்தில் தடித்த, பாலாடைக்கட்டி போன்ற சீழ். கீறல் வழியாகக் கிருமி நுழைந்தால் கட்டி வெளியே தெரிய 2 முதல் 6 மாதம் ஆகும். இந்த இடைவெளிதான் சிக்கலே. வைகாசியில் வந்த கத்தி கார்த்திகையில்தான் கட்டியாகத் தலைகாட்டும். அதற்குள் எவர் வந்தார், எந்த ஆட்டைத் தொட்டுவிட்டு வந்தார் என்பது எவருக்கும் நினைவிராது. குழையில் முள் குத்தியது, கயிறு இறுக்கியது என்று காரணம் சொல்லிக்கொண்டிருப்போம்.

உடைந்த கட்டியின் சீழ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மரக்கட்டையில், கயிற்று நாரில், கத்திப் பிடியின் வெடிப்பில் கிழமைக்கணக்கில் இருக்கும். ஊசிமருந்து போட்டால் போய்விடும் என்று எதிர்பார்க்கவும் முடியாது, கட்டியைச் சுற்றியிருக்கும் தடித்த உறையைத் தாண்டி மருந்து உள்ளே போவதில்லை. சில ஆடுகளில் கட்டி நுரையீரலுக்குள்ளும் வரும். அந்த ஆடு இருமும்போது கிருமி வெளியே வருகிறது. இதனால்தான் கத்தரித்து முடித்த கையோடு ஆடுகளைக் கூரைக்குக் கீழே நெருக்கி அடைக்கக்கூடாது, இரண்டு கிழமைக்குள் எல்லாவற்றையும் ஒரே மருந்துத் தொட்டியில் முக்கக்கூடாது என்று கம்பளி நாட்டவர் கற்றுக்கொண்டார்கள். கத்தி போட்ட கீறல் திறந்திருக்க, ஒரு கட்டி உடைந்தால் தொட்டித் தண்ணீர் முழுவதும் சீழ்த்தண்ணீர். பிரித்தானியாவில் இந்த நோய் 1990 இல், வெளியிலிருந்து கொண்டுவந்த ஆடுகளோடுதான் முதன்முதல் உறுதியானது. நல்ல சாதிக் கிடாய் வாங்க ஆசைப்படுகிற நமக்கும் அதில் ஒரு சேதி இருக்கிறது.

மற்றவை சுருக்கமாக. சொறி உண்ணி ஆட்டை விட்டு இறங்கினாலும் சில நாள் உயிரோடிருக்கும். செம்மறியின் சொறி உண்ணி இரண்டு கிழமைக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். அது பயணம் செய்வது மயிர் வெட்டும் கருவியிலும் சாரத்திலும். உதட்டில் பொருக்கு வைக்கிற வாய்ப்புண் நோயின் வைரசு, உதிர்ந்த பொருக்கில் வருடக்கணக்கில் காய்ந்து கிடக்கும், காதுப்பட்டி குத்தும் இடுக்கியில் ஒட்டினால் அடுத்த குட்டியின் காதில் முளைக்கும். தொட்ட மனிதரின் விரலிலும் வரும். படர்தாமரை மயிர் வெட்டும் கருவியின் பல்லிடுக்கில் இருக்கும். குளம்பழுகல் கிருமி குளம்புக்கு வெளியே சில நாள்தான் தாங்கும், ஆனால் ஒரு வளவிலிருந்து அடுத்த வளவுக்குப் போக அரை மணித்தியாலம் போதுமே. ஏற்புவலி (ரெற்றனஸ்) வேறு கதை. அது ஆட்டிலிருந்து ஆட்டுக்குத் தொற்றுவதில்லை, மண்ணிலிருந்து புண்ணுக்குள் போவது. நலம் அடித்து ஒன்று தொடக்கம் மூன்று கிழமைக்குள் குட்டி விறைத்து, காது நிமிர்ந்து, தாடை பூட்டிக்கொண்டால் சந்தேகமே வேண்டாம்.

இனிக் கால்வாய் நோய், கோமாரி என்றும் சொல்வார்கள். மாட்டில் வாய் நுரைத்து, குளம்பிடை புண்ணாகி, பார்த்ததும் தெரியும். ஆட்டில் அப்படி இல்லை. ஒரு நாள் நொண்டும், அடுத்த நாள் குழை தின்னும், நாம் மறந்துவிடுவோம். 2001 இல் பிரித்தானியாவில் நடந்தது இதுதான். நோய் பன்றியில் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே செம்மறிகள் சந்தை சந்தையாகப் போய்விட்டன. அடங்குவதற்குள் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகளைக் கொல்ல வேண்டிவந்தது. அந்த வருடம் ஆட்டை மட்டுமல்ல, பண்ணைக்குப் பண்ணை போகும் ஆட்களையும் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது.

நம் நாட்டில் 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் தொற்றுநோய்த் தடுப்புக்கென்றே இருக்கிறது. ஆட்டை லொறியில் ஏற்றிக்கொண்டு போவதற்கு மிருக வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழும் அனுமதிப்பத்திரமும் கேட்பார்கள். நல்ல விசயம். ஆனால் சைக்கிள் கரியரில் போகிற நலம் அடிக்கும் இடுக்கியை எந்தச் சோதனைச் சாவடியும் மறிப்பதில்லை.

அதற்காக உரிமம், கட்டணம், தண்டம் என்று தொடங்கினால் வேலை கெடும். இந்தத் தொழில் செய்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், ஆட்டுக்கு இவ்வளவு என்று கைக்காசு வாங்குபவர்கள். கட்டணம் வைத்தால் பதியமாட்டார்கள். பதியாத ஆளைத் தண்டித்தால் பின்வளவால் வந்துபோவார். நோய் வந்தபோது எங்கே போனார் என்று கேட்டால் வாய் திறக்கமாட்டார். நமக்கு வேண்டியதோ அவருடைய வாய்தான். எனவே பதிவு இலவசமாக இருக்கவேண்டும், அந்தந்தப் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்திலேயே நடக்கவேண்டும், அரைநாள் பயிற்சியோடு ஒரு கொப்பியும் கொடுக்கவேண்டும். கொப்பியில் திகதி, வீடு, எத்தனை ஆடு, என்ன வேலை, கட்டியோ சொறியோ நொண்டலோ கண்டதா என்ற ஐந்து நிரல் போதும். கால்வாய் நோய் உடலில் ஒளிந்திருப்பது 2 முதல் 14 நாள். ஆகவே நோய் தெரிந்த அன்று இரண்டு கிழமைப் பக்கங்களைப் புரட்டினாலே எந்த வளவுகளைப் பார்க்கவேண்டும் என்று தெரிந்துவிடும். கட்டி நோய்க்கு ஆறு மாதம் பின்னோக்கிப் போகவேண்டும், அதனால் பழைய கொப்பியை அடுப்புக்குப் போடக்கூடாது.

ஒரே ஒரு கடும் விதி வேண்டும். வாயில் கொப்புளம், எச்சில் வடிதல், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஆடு நொண்டுதல் இவற்றில் எதைக் கண்டாலும் அந்த வளவில் வேலையை நிறுத்த வேண்டும், அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும், மூன்று நாளைக்கு வேறு பட்டிக்குள் கால் வைக்கக்கூடாது. மூன்று நாள் உழைப்பு போகிற ஆள் இதை ஏன் சொல்லப்போகிறார்? அந்த நாட்கூலியை யாராவது கொடுக்கவேண்டும். கூலி கொடுக்காத விதியை விட விதியே இல்லாமலிருப்பது மேல் என்பது என் எண்ணம், ஏனென்றால் அது ஒளிக்கப் பழக்கும்.

இவ்வளவும் அரசாங்கம் செய்யவேண்டியது. ஆடு வளர்ப்பவர் கையில் இதைவிடப் பெரிய தடுப்பு இருக்கிறது. கம்பளி நாட்டில் ஒரு பண்ணையில் ஆயிரக்கணக்கில் ஆடு, அங்கே கருவி ஆளோடுதான் வரும். நம் வளவில் நிற்பது மூன்று, ஆறு, மிஞ்சினால் இருபது. இதற்கு ஒரு கத்தரிக்கோல், ஒரு குளம்புக் கத்தி, இரண்டு கயிறு வாங்கிக் கொட்டில் வளையில் தொங்கவிட்டால், வருகிறவர் கையை மட்டும் கொண்டுவந்தால் போதும். ஒரே வளவுக்குள் சுற்றுகிற கத்தி வெளிநோயை உள்ளே கொண்டுவராது. எந்தக் கிருமிநாசினியும் இதற்கு ஈடில்லை. பனையோலைக்கு வைத்திருக்கும் சத்தகத்தைக் குளம்புக்கு எடுக்காதீர்கள். வளைவு தவறி குளம்பின் சதைக்குள் இறங்கும், பிறகு அதே சத்தகத்தால் பெட்டிக்கு ஓலை வாருவார்கள்.

கயிற்றை யாரும் கருவியாக நினைப்பதில்லை. தும்புக்கயிற்றைக் கழுவிச் சுத்தமாக்க முடியாது, சீழும் பொருக்கும் நாருக்குள் போய்விடும். கட்டியுடைந்த ஆட்டைக் கட்டிய தும்புக்கயிற்றை எரித்துவிடுங்கள். நைலோன் கயிறென்றால் தோய்க்கலாம், ஊறப்போடலாம். தரகரின் கயிறு எந்த ஆட்டின் கழுத்திலிருந்து வந்ததென்று கேட்கவே வேண்டாம், படலைக்கு வெளியே நின்றால் சரி.

நலம் அடிக்கும் இடுக்கி விலை கூடிய சாமான், வீட்டுக்கு ஒன்று வாங்க ஏலாது. அது ஆளோடுதான் வரும். சரியாகப் பாவித்தால் தோல் கிழியாது, இரத்தம் வராது, அதனால் கத்தியால் அறுப்பதைவிட இது எவ்வளவோ மேல். விதைக்குப் போகும் நரம்பை ஒவ்வொரு பக்கமாகத் தோலின் ஓரத்துக்குத் தள்ளிப்பிடித்து, இடுக்கியை மூடிப் பத்து எண்ணும்வரை வைத்திருக்கவேண்டும். இரண்டு பக்க நசிப்பும் ஒரே கோட்டில் வரக்கூடாது, ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. நடுத்தோல் நசியாமல் இருக்கவேண்டும், நசிந்தால் இரத்த ஓட்டம் நின்று பை அழுகும். இடுக்கியின் வாய் பழசாகித் தேய்ந்திருந்தால் நரம்பு நழுவும், ஆறு மாதம் கழித்துக் கிடாய் மறியைத் துரத்தும்போதுதான் தெரியவரும். வாயில் துருப்பிடித்துப் பள்ளம் விழுந்திருந்தால் தோல் கீறும், கழுவினாலும் அந்தப் பள்ளத்துக்குள் அழுக்கு நிற்கும். அப்படிப்பட்ட இடுக்கியோடு வருபவரை மரியாதையாக அனுப்பிவிடலாம்.

மரியாதை என்றதும் ஞாபகம் வருகிறது. வயதில் மூத்த ஒருவரிடம் கத்தியைக் கழுவச் சொல்வது லேசான காரியமில்லை. "நாப்பது வருசமாச் செய்யிறன் தம்பி" என்பார். அவர் வருவதற்கு முன்பே படலையடியில் ஒரு வாளித் தண்ணீர், சவர்க்காரம், தூரிகை வைத்துவிட்டு, "ஐயா, சாமானைத் தாங்கோ, நான் கழுவித் தாறன், நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்று கேட்டால் எவரும் மறுப்பதில்லை. குறை சொன்னதாகவும் ஆகாது, வேலையும் முடிந்துவிடும்.

கழுவுவதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். டெற்றோலில் முக்கி எடுத்தால் சுத்தம் என்று நினைப்பு. இரத்தமும் சாணியும் மயிரும் ஒட்டியிருக்கும் இரும்பில் எந்தக் கிருமிநாசினியும் முழுதாக வேலை செய்யாது. முதலில் சவர்க்காரத் தண்ணீரில் தூரிகை போட்டுத் தேய்க்கவேண்டும், பிடி பூட்டிய இடம், திருகாணித் தலை, கத்தரிக்கோலின் அச்சு எல்லாம். பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அதன் பிறகுதான் மருந்து. இங்கே நம் கிணற்றைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். குடாநாட்டில் அடியில் சுண்ணாம்புக்கல், அதனால் பல கிணற்றுத் தண்ணீர் கடினநீர். சவர்க்காரம் நுரைக்காமல் திரண்டு வெள்ளைப் படையாக ஒட்டும். கடையில் வாசனையோடு விற்கும் நிலம் துடைக்கும் திரவங்களில் பலவற்றின் கிருமிகொல்லும் சக்தியும் கடினநீரில் குறையும். மருந்து கலக்க மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்தால் நல்லது. தேய்த்துக் கழுவச் சவர்க்காரத்தை விட சலவைத்தூள் மேல்.

கிணற்றுக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடர் எல்லோர் வீட்டிலும் இருக்கும். புதிய தூளில் சுமார் 30 வீதம் குளோரின். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 17 கிராம் போட்டுக் கலக்கித் தெளியவிட்டால் அரை வீதக் கரைசல் வரும். திரவமாக 5 வீதத்தில் வாங்கியதென்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். கழுவிய இரும்பு அதில் 10 நிமிடம் கிடக்கவேண்டும். அதற்குமேல் விட்டால் துரு பிடிக்கும், எடுத்ததும் அலசித் துடைத்துத் தேங்காயெண்ணெய் அல்ல, தையல் மெசின் எண்ணெய் பூசுங்கள். தேங்காயெண்ணெய் கிடந்து பிசினாகும். கலக்கியதை அன்றைக்கே பாவிக்கவேண்டும். வினாகிரி, தேசிக்காய்ப்புளி, கழிவறை கழுவும் அமிலம் எதோடும் சேர்க்கக்கூடாது, நச்சுவாயு கிளம்பும். மயிர் வெட்டும் மின்கருவியின் அலகை இதில் போடாதீர்கள். அலகைக் கழற்றி, தூரிகையால் மயிரைத் தட்டி, கழுவி, காயவைத்து, 70 வீத ஸ்பிரிற்றில் ஊறவிட்டு எண்ணெய் போடுங்கள்.

கால்வாய் நோய்ப் பயம் உள்ள காலத்தில் ஸ்பிரிற்றை நம்பவேண்டாம். அந்த வைரசுக்கு அமிலமும் காரமும்தான் எதிரி. லீற்றருக்கு 40 கிராம் சலவைச் சோடா, அல்லது 2 கிராம் சித்திரிக் அமிலம். இரண்டையும் ஒன்றாகக் கலக்கக்கூடாது, ஒன்றின் வலுவை மற்றது குறைத்துவிடும். செருப்படி, சைக்கிள் ரயர், வாளி அடி எல்லாவற்றுக்கும் இதே கரைசல். படலையில் சாக்கை நனைத்துப் போடுவது சேறு படியும்வரைதான் பயன். ஏற்புவலிக் கிருமியின் வித்துக்கு இதெல்லாம் போதாது. அறுவைக் கத்தியைத் துணியில் சுற்றி, பழைய பிறெசர் குக்கரில் விசில் வந்தபின் 30 நிமிடம் வைத்தெடுப்பது கொதிநீரில் போடுவதைவிட நம்பகமானது. பிறகு அந்தக் குக்கரில் பருப்பு அவிக்காதீர்கள்.

வேலை வரிசையிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். முதலில் குட்டிகள், பிறகு சினையாடு, பால் ஆடு, பிறகு கிடாய். கட்டியோ சொறியோ உள்ள ஆடு கடைசியில், கொட்டிலுக்கு வெளியே. அதன் மயிரையும் குளம்புச் சீவலையும் பொறுக்கி எரிக்கவேண்டும், உரக்குழிக்குப் போடக்கூடாது. சின்னக் கீறல் விழுந்தால் அங்கேயே பொவிடோன் அயோடின். ஈரமான ஆட்டில் மயிர் வெட்டக்கூடாது. மழை நாளில் தள்ளிப்போடுவதே புத்தி.

கட்டியைப் பற்றிக் கடைசியாக. தாடைக்குக் கீழே வீங்கியதெல்லாம் சீழ்க்கட்டி இல்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து, மெத்தென்று, பின்னேரத்தில் கூடிக் காலையில் குறைகிற வீக்கமும், கண்மடலின் உட்புறம் வெளுத்தும் இருந்தால் அது வயிற்றுப் புழுவால் இரத்தம் குறைந்து வந்த நீர்வீக்கம். அதைக் கீறினால் தண்ணீர்தான் வரும், புண் மட்டும் மிச்சம். நன்றாகப் பால் குடிக்கும் குட்டியின் தொண்டைக்குக் கீழே வருகிற மெல்லிய புடைப்பு தானாகவே வற்றிவிடும், அதையும் தொடவேண்டாம். உண்மையான கட்டி உருண்டையாக, தனியாக, வலியில்லாமல் இருக்கும். பழுத்தால் மேல்மயிர் உதிரும். கீறுவதை மிருக வைத்தியரிடம் விடுவது நல்லது. வளவில்தான் கீறவேண்டியிருந்தால் ஆட்டைத் தனியாகப் பிரித்து, கையுறை போட்டு, கட்டியின் தாழ்ந்த முனையில் கீறி, சீழ் நிலத்தில் ஒரு சொட்டும் விழாமல் பொலித்தீன் பைக்குள் பிடித்து எரிக்கவேண்டும். உள்ளே ஐதாக்கிய பொவிடோன் அயோடினால் கழுவவேண்டும். புண் முழுதாகக் காயும்வரை, ஏறத்தாழ ஒரு மாதம், அந்த ஆடு மற்றவற்றோடு சேரக்கூடாது. சுண்ணாம்பும் மஞ்சளும் அப்பி அன்றைக்கே மந்தையோடு விடுவதுதான் வழமை, கட்டி ஊர் சுற்றுவதும் அப்படித்தான்.

பங்கு போடும் நாளில் உரிக்கும்போது கட்டி வெட்டுப்பட்டால் கத்தியை அந்த இடத்திலேயே கழுவிக் கொதிநீர் ஊற்றுங்கள், கட்டியைச் சுற்றியுள்ள சதையோடு வெட்டி ஆழமாகப் புதையுங்கள், நாய்க்குப் போடாதீர்கள். உரிக்கும் இடம் கொட்டிலுக்குத் தொலைவாக இருக்கட்டும். பிளீச்சிங் பவுடர்ப் பைக்கற்றை வெட்டியதும் மிச்சத்தை மூடி இறுகும் பிளாஸ்ரிக் போத்தலில் போட்டு நிழலில் வையுங்கள். நம் உப்புக்காற்றில் திறந்து கிடந்த தூள் இரண்டு மூன்று மாதத்தில் வெறும் சுண்ணாம்பாகிவிடும், மணம் மட்டும் கொஞ்சம் இருக்கும்.